எண்ணிக்கையும் இடவமைப்பும்: மெய்நிகர் பொறிகளில் செயலிச் செருகலின் வரலாறு

முன்னுரை

இயங்கிக்கொண்டிருக்கும் கணினி ஒன்றை நிறுத்தாமலே அதில் செயலிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் முதலில் பெரும் விலையுள்ள வழங்கிக் கணினிகளுக்கே உரிய வசதியாக இருந்தன. சன் நிறுவனம் 1997இல் வெளியிட்ட என்டர்பிரைஸ் 10000 என்னும் பொறி 64 செயலிகள் வரை ஏற்றது. அதன் செயலிப் பலகைகளை ஓர் ஆட்புலத்திலிருந்து மற்றோர் ஆட்புலத்துக்கு, இயக்கத்தை நிறுத்தாமல் மாற்ற முடிந்தது. ஐபிஎம் நிறுவனம் 2002இல் ஏஐஎக்ஸ் 5.2 இயங்குதளத்தின் வழியாகப் பவர்4 பொறிகளின் தருக்கப் பிரிவுகளுக்கு இதையொத்த வசதியை அளித்தது. இவ்வசதி சாதாரணப் பொறியாளரின் கைக்கு எட்டியது மெய்நிகர் பொறிகள் பரவிய பின்னரே. மெய்நிகர் செயலியைச் சேர்க்கப் பலகையோ திருகாணியோ வேண்டியதில்லை. புரவலர் கணினியில் ஓர் இழையை உருவாக்கினால் போதும். அவ்வாறிருந்தும் இவ்வசதி கியூஎமு என்னும் திறமூல எமுலேட்டரில் நிலைபெறப் பத்தாண்டுக்கும் மேல் ஆயிற்று. ஏன் ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா. புதிய செயலியை உருவாக்குவது எளிது. அது பொறியில் எங்கே அமர்கிறது என்று விருந்தினர் இயங்குதளத்துக்குப் பிழையின்றிச் சொல்வதே கடினம் என்பதே விடை.

இக்கட்டுரையில் 'இடவமைப்பு' என்பது செயலிகள் சாக்கெட், கோர், இழை ஆகிய அடுக்குகளில் அமைந்திருக்கும் முறையைக் குறிக்கும். 'செருகல்' என்பது பொறி இயங்கும் நிலையில் செயலியைச் சேர்ப்பதையும், 'அகற்றல்' என்பது அந்நிலையில் நீக்குவதையும் குறிக்கும். 'இழை' என்னும் சொல் செயலியின் வன்பொருள் இழைக்கும் புரவலர் கணினியின் மென்பொருள் இழைக்கும் பொதுவாக வழங்குவதால், இரண்டாவது பொருளில் வருமிடத்தில் 'புரவலர் இழை' எனச் சுட்டப்படுகிறது.

எண்ணிக்கை மட்டும் போதுமாயிருந்த காலம்

ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003இல் வெளியிட்ட கியூஎமு, ஒரு செயலிக்கு எழுதப்பட்ட ஆணைகளை மற்றொரு செயலியின் ஆணைகளாக இயக்கவேளையில் மொழிபெயர்க்கும் நிரலாகத் தோன்றியது. பல செயலிகளைக் கொண்ட பொறியைக் காட்டும் வசதி அதில் விரைவிலேயே சேர்ந்தது. கட்டளை வரியில் ஓர் எண்ணைக் கொடுத்தால் அத்தனை செயலிகள் கிடைத்தன. பிசி வகைப் பொறிக்கு உச்சவரம்பு 255. ஆயினும் அத்தனை செயலிகளும் ஒரே புரவலர் இழையில் முறைவைத்து மாறிமாறி இயங்கின. மொழிபெயர்ப்பு முறையில் இயங்கும் செயலிகளுக்குத் தனித்தனிப் புரவலர் இழைகள் 2017இல் வெளியான 2.9 பதிப்பில்தான் வந்தன. எல்லாச் செயலிகளும் ஒரே இழையில் ஓடும்போது எது எதன் அருகில் இருக்கிறது என்னும் வினாவுக்குச் செயல்திறன் சார்ந்த பொருளே இல்லை. இடவமைப்பைப் பற்றி அக்காலத்தில் யாரும் கவலை கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று, அவி கிவிட்டி உருவாக்கிய கேவிஎம். 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 பதிப்பில் இடம்பெற்ற இக்கூறு, மெய்நிகர் செயலி ஒவ்வொன்றையும் தனிப் புரவலர் இழையாக, உண்மைச் செயலியின் மீதே நேரடியாக ஓடவிட்டது. மற்றொன்று, வன்பொருளிலேயே நிகழ்ந்த மாற்றம். இன்டெல் 2002இல் ஒரே கோரில் இரு இழைகளை ஓட்டும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2005இல் இன்டெல், ஏஎம்டி இரண்டும் ஒரே சில்லில் இரு கோர்களை வைத்தன. 'நான்கு செயலிகள்' என்னும் தொடர் அதன்பின் ஒரே பொருளைத் தரவில்லை. நான்கு சாக்கெட்டுகளா, ஒரு சாக்கெட்டில் நான்கு கோர்களா, இரு கோர்களில் இவ்விரண்டு இழைகளா என்னும் வேறுபாட்டை இயங்குதளங்களின் பணி ஒதுக்கீட்டு முறை கணக்கில் எடுக்கத் தொடங்கியது. மென்பொருள் நிறுவனங்கள் சிலவும் சாக்கெட் எண்ணிக்கையைக் கொண்டு உரிமக் கட்டணத்தை வரையறுத்தன.

2009இல் கியூஎமுவின் கட்டளை வரி சாக்கெட், கோர், இழை ஆகிய மூன்று அளவுகளையும், பிற்காலத்தில் செருகக்கூடிய செயலிகளையும் உள்ளடக்கிய உச்ச எண்ணிக்கையையும் ஏற்கத் தொடங்கியது. அளவுகள் விடுபட்டால் சாக்கெட்டையே பெருக்கி நிரப்பும் வழக்கமும் வேரூன்றியது. அதாவது நான்கு செயலிகள் கேட்டால் ஒவ்வொரு கோர் கொண்ட நான்கு சாக்கெட்டுகள் கிடைத்தன. அக்காலத்தில் இது இயல்பான தெரிவாகவே தோன்றியிருக்க வேண்டும். அதன் விளைவு பின்னர்ப் பேசப்படும்.

அடையாள எண்ணின் சிக்கல்

எக்ஸ்86 பொறிகளில் ஒவ்வொரு செயலிக்கும் ஏபிக் எண் என்னும் அடையாளம் உண்டு. குறுக்கீடுகளைச் செலுத்துவதற்கான முகவரி என்பதே அதன் முதற்பணி. ஆனால் அது வெறும் முகவரி அன்று. அவ்வெண்ணின் தாழ்நிலை பிட்டுகள் இழையையும், அடுத்த பிட்டுகள் கோரையும், எஞ்சியவை சாக்கெட்டையும் குறிக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் எத்தனை பிட்டுகள் என்பதைச் சிபியுஐடி என்னும் ஆணையின் வழியாக இயங்குதளம் கண்டறிந்து, எண்ணைத் துண்டாடி, இடவமைப்பை மீட்டெடுக்கிறது. ஓர் அடுக்கின் அளவு இரண்டின் அடுக்காக இல்லாவிடில் அதற்கு அடுத்த பெரிய அடுக்குக்கு வேண்டிய பிட்டுகள் ஒதுக்கப்பட வேண்டும். இடையில் சில எண்கள் வெறுமையாக விடப்படும்.

கியூஎமு 1.4க்கு முன்னர் ஏபிக் எண்கள் 0, 1, 2 எனத் தொடர்ச்சியாக வழங்கப்பட்டன. சாக்கெட்டுக்கு மும்மூன்று கோர்கள் கொண்ட இரு சாக்கெட் பொறியை எடுத்துக்கொண்டால் இதன் பிழை தெளிவாகும். மூன்று கோர்களைக் குறிக்க இரு பிட்டுகள் வேண்டும். ஆகவே முதல் சாக்கெட்டுக்கு 0, 1, 2 என்பனவும், இரண்டாவதற்கு 4, 5, 6 என்பனவும் உரியவை, 3 வெறுமை. தொடர்ச்சியாக வழங்கியபோது நான்காம் செயலி 3 என்னும் எண்ணைப் பெற்றது. விருந்தினர் இயங்குதளம் அவ்வெண்ணைத் துண்டாடியபோது அச்செயலி முதல் சாக்கெட்டில் நான்காவது கோராகத் தோன்றியது. மூன்றும் மூன்றும் என அமைக்கப்பட்ட பொறி, உள்ளிருந்து நோக்கியபோது நான்கும் இரண்டுமாக இருந்தது. இரண்டு, நான்கு, எட்டு என அமைத்தவர்களுக்கு இப்பிழை தென்படவே இல்லை; நீண்டகாலம் அது மறைந்திருந்ததற்கு இதுவே காரணம்.

2013 பிப்ரவரியில் வெளியான 1.4 பதிப்பு, இன்டெல் வரையறுத்த விதிப்படியே பிட்டுகளைக் கணக்கிட்டு எண் வழங்கத் தொடங்கியது. ஆயினும் பழைய பொறிவகைகளுக்குப் பழைய தவறான எண்முறையே காக்கப்பட்டது. இது கவனக்குறைவு அன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் பொறி ஒன்று, நிறுத்தப்படாமலே பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு இடம்பெயரக்கூடும். தொடங்கும்போது தன் செயலிக்கு 3 என்னும் எண்ணைக் கண்ட இயங்குதளம், இடம்பெயர்ந்ததும் அதற்கு 4 என்னும் எண்ணைக் காணுமாயின் குறுக்கீடுகள் தவறான இடத்துக்குச் செல்லும். விருந்தினருக்கு ஒருமுறை காட்டிய பொறியை, அது பிழையானதாயினும், கடைசிவரை அவ்வாறே காட்டியாக வேண்டும் என்னும் கட்டுப்பாடு இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது.

வெறுமை எண்களால் மற்றோர் இழப்பும் நேர்ந்தது. எட்டு பிட் ஏபிக் எண்ணில் 255 என்பது அனைவர்க்குமான அறிவிப்புக்கு ஒதுக்கப்பட்டது. சாக்கெட்டுக்கு ஐந்து கோர்கள் என அமைத்தால் ஒவ்வோர் எட்டு எண்களிலும் மூன்று வீணாகும். செயலிகள் 160 ஆகும்போதே எண்வெளி தீர்ந்துவிடும். 32 பிட் எண்களைக் கொண்ட எக்ஸ்2ஏபிக் முறை வந்த பின்னரே இத்தடை அகன்றது.

செருகல் நிகழும் முறை

தொடக்கத்தில் செயலிச் செருகல் கியூஎமுவின் முதன்மை மரத்தில் இல்லை. கேவிஎம் குழுவினர் தனியே பேணிய கிளையில், செயலியின் வரிசை எண்ணைக் கொடுத்து அதை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் கட்டளை ஒன்று இருந்தது. அக்கிளை 2012 இறுதியில் முதன்மை மரத்தோடு இணைந்தது. 2013 மே மாதம் வெளியான 1.5 பதிப்பு, செயலி சேர்க்கும் புதிய கட்டளை ஒன்றைத் தந்தது. அதுவும் வரிசை எண்ணை மட்டுமே கேட்டது. அகற்றுவதற்கு இணையான கட்டளை அதனுடன் வரவில்லை.

கட்டளை கிடைத்ததும் எமுலேட்டர் புதிய புரவலர் இழையைத் தொடங்கி, கேவிஎம்மில் ஒரு மெய்நிகர் செயலியை உருவாக்கிக்கொள்கிறது. விருந்தினருக்கு அது தெரியவேண்டுமே. அதற்குரிய வாயில் ஏசிபிஐ என்னும் பொதுத் தரநிலை. எமுலேட்டர் ஒரு குறுக்கீட்டை எழுப்புகிறது. விருந்தினர் இயங்குதளம் நிலைபொருள் அட்டவணைகளில் உள்ள சிறு நிரல் ஒன்றை இயக்குகிறது. அந்நிரல் குறிப்பிட்ட உள்ளீட்டு வெளியீட்டு முகவரிகளைப் படித்து எந்தச் செயலி புதிது எனக் கண்டு இயங்குதளத்துக்கு அறிவிக்கிறது. தொடக்க வடிவில் அம்முகவரிகள் 32 பைட்டு நீளமுள்ள பிட் வரிசையாக இருந்தன. ஒரு செயலிக்கு ஒரு பிட். பிட்டின் இடமே ஏபிக் எண். இருபத்தைந்து முப்பது செயலிகளோடு வாழ்ந்த உலகுக்கு அது போதும். 256 பிட்டுகளுக்கு மேல் அதில் இடமில்லை. 'இச்செயலியை நீக்குக' என விருந்தினரிடம் கேட்கவும் அதில் வழியில்லை.

2016 செப்டம்பரில் வெளியான 2.7 பதிப்பு இதற்கு மாற்றாகப் பதிவகங்களைக் கொண்ட புதிய இடைமுகத்தை அமைத்தது. செயலியைத் தேர்ந்தெடுக்க ஒரு பதிவகம், சேர்த்தல் நிகழ்வையும் நீக்கல் நிகழ்வையும் குறிக்கத் தனித்தனிப் பிட்டுகள், கூடுதல் செய்திக்கு ஆணைப் பதிவகமும் தரவுப் பதிவகமும் என அது அமைந்தது. பழைய முறையை அது எவ்வாறு அணுகியது என்பது தனியே நோக்கத்தக்கது. பொறி எப்போதும் பழைய பிட் வரிசை நிலையிலேயே தொடங்கும். புதிய நிரலைக் கொண்ட விருந்தினர் பிட் வரிசையின் தொடக்கத்தில் சுழியத்தை எழுதும்போதுதான் இடைமுகம் புதிய நிலைக்கு மாறும். பழைய பதிப்பில் தொடங்கி இடம்பெயர்ந்து வந்த விருந்தினரின் நினைவகத்தில் பழைய நிரலே இருக்கும். அது சுழியம் எழுதாது. ஆகவே அதற்குப் பழைய முறையே தொடரும். படிப்பதற்கு மட்டும் என்றிருந்த இடத்தில் எழுதுவதையே மாற்றத்தின் குறியாகக் கொண்ட இத்தீர்வு, பின்னோக்கிய ஒத்திசைவைப் பேணிய முயற்சிகளுள் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதத்தக்கது.

அகற்றல் என்பது ஆணை அன்று, வேண்டுகோள். எமுலேட்டர் கேட்கும், விருந்தினர் அச்செயலியில் ஓடும் பணிகளைப் பிற செயலிகளுக்கு மாற்றி, அதை நிறுத்தி, பின்னர் வெளியேற்றும் ஆணையை எழுதும். விருந்தினர் மறுத்தால் செயலி நிலைத்திருக்கும். வெளியேற்றிய பின்னரும் ஒரு சிக்கல் எஞ்சியது. கேவிஎம்மில் மெய்நிகர் செயலியை உருவாக்க வழியுண்டு. பொறி ஓடும்போது தனியொரு செயலியை அழிக்க வழியில்லை. ஆகவே கியூஎமு புரவலர் இழையை முடித்துவிட்டு, கேவிஎம் தந்த கோப்புக் கைப்பிடியை மட்டும் ஒரு பட்டியலில் ஒதுக்கி வைக்கிறது. அதே எண்ணுடைய செயலி மீண்டும் செருகப்படுமாயின் அதையே எடுத்துப் பயன்படுத்துகிறது.

வரிசை எண்ணிலிருந்து இடத்துக்கு

2.7 பதிப்பின் தலையாய மாற்றம் இடைமுகத்தில் அன்று, பெயரிடலில்தான் நிகழ்ந்தது. செயலி இனி 'ஐந்தாவது' என அழைக்கப்படவில்லை. 'இன்ன சாக்கெட்டில், இன்ன கோரில், இன்ன இழை' என அழைக்கப்பட்டது. பிற கருவிகளைச் சேர்க்கும் பொதுக் கட்டளையே செயலிக்கும் பயன்பட்டது. எந்தெந்த இடங்கள் வெறுமையாக உள்ளன, ஒவ்வோர் இடத்துக்கும் எப்பண்புகளைக் கொடுக்க வேண்டும் என்பதைப் பொறியிடமே கேட்டறியும் வினவலும் சேர்ந்தது.

இவ்வினவல் ஒரு நெடிய கருத்து வேறுபாட்டையும் முடித்துவைத்தது. செருகும் அலகு எது? உண்மைப் பொறியில் ஒருவர் சாக்கெட்டையே செருகுவார். தனி இழையைச் செருக முடியாது. எனினும் எக்ஸ்86 மெய்நிகர் பொறிகளில் தனித்தனிச் செயலியாகச் சேர்க்கும் வழக்கம் ஏற்கெனவே பரவியிருந்தது. பவர் பொறிகளிலோ தருக்கப் பிரிவுகளுக்கான விதிகள் முழுக் கோரையே அலகாகக் கொள்கின்றன. பாதிக் கோர் என்பது அங்குப் பொருளற்றது. எல்லாக் கட்டமைப்புகளுக்கும் ஒரே அலகை விதிக்காமல், அலகு எது என்பதைப் பொறிவகையே விடையாகத் தரட்டும் என்னும் முடிவு 2.7 பதிப்பில் எக்ஸ்86, பவர் இரண்டும் தத்தம் முறையில் செருகலைப் பெற வழிசெய்தது.

இடத்தால் பெயரிடுவது இடம்பெயர்வுக்கும் இன்றியமையாதது. நடுவில் ஒரு செயலி அகற்றப்பட்ட பொறியை வேறொரு புரவலரில் மீண்டும் எழுப்ப வேண்டுமாயின் அதே வெற்றிடம் அங்கும் இருக்க வேண்டும். வரிசை எண்ணை மட்டும் கொண்ட பழைய கட்டளை 4.0 பதிப்பில் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் வெளியான 5.2 பதிப்பில் நீக்கப்பட்டது.

அதே 5.2 பதிப்பில் மற்றொரு பழைய சலுகையும் முடிவுக்கு வந்தது. ஒரு சாக்கெட், இரு கோர்கள் எனக் கூறிவிட்டு உச்ச எண்ணிக்கையாக எட்டைக் கொடுத்தாலும் அதுவரை பொறி தொடங்கியது. தொடங்கும்போது இருந்த இரு செயலிகளுக்கும் எல்லாம் சரியாகவே இருக்கும். மூன்றாவது செயலி செருகப்படும்போதுதான், அறிவிக்கப்படாத இரண்டாம் சாக்கெட் ஒன்றில் அது தோன்றும். இனி மூன்று அளவுகளின் பெருக்குத்தொகை உச்ச எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தாக வேண்டும். லினக்ஸ் கருவும் தொடங்கும்போதே, இனி வரக்கூடிய செயலிகளை நிலைபொருள் அட்டவணையிலிருந்து எண்ணி, ஒவ்வொன்றுக்கும் உரிய நினைவகப் பகுதியைத் திட்டமிட்டுக்கொள்கிறது. வருங்காலத்தின் வடிவம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டால்தான் செருகல் இயலும் என்பதை எமுலேட்டரும் விதியாக்கியது இவ்விடத்தில்தான்.

சாக்கெட்டைப் பெருக்கும் பழைய இயல்பு 6.2 பதிப்பில், 2021 டிசம்பரில் மாறியது. விண்டோஸின் மேசைக்கணினிப் பதிப்புகள் ஒன்று அல்லது இரண்டு சாக்கெட்டுகளுக்கு மேல் பயன்படுத்துவதில்லை. நான்கு செயலிகள் எனக் கேட்டவர் நான்கு சாக்கெட்டுகளைப் பெற்று, அவற்றுள் இரண்டோ மூன்றோ வீணாவதைக் கண்டு வியந்தார். 6.2 முதல் விடுபட்ட அளவுகள் கோர்களைக் கொண்டு நிரப்பப்பட்டன. வழக்கம்போல் பழைய பொறிவகைகளுக்குப் பழைய இயல்பே தொடர்ந்தது.

அடுக்குகளின் பெருக்கமும் பொய்யான இடவமைப்பும்

வன்பொருள் மூன்று அடுக்குகளோடு நிற்கவில்லை. ஒரே உறையில் பல சில்லுகளைக் காட்டும் அடுக்கு 4.1 பதிப்பிலும் (2019), ஆர்ம் பொறிகளுக்கான கொத்து அடுக்கு 7.0 பதிப்பிலும் (2022), ஐபிஎம் பெருங்கணினிகளுக்குரிய 'புத்தகம்', 'இழுப்பறை' என்னும் அடுக்குகள் 8.2 பதிப்பிலும் (2023) சேர்ந்தன. இவற்றுள் பெருங்கணினி வகை வேறுபட்டது. அங்கு ஒரு செயலியின் இடத்தைப் பொறி ஓடும்போதே மாற்றலாம். இடவமைப்பு மாறியதா என்று விருந்தினர் ஓர் ஆணையால் கேட்டறிந்துகொள்கிறது. எக்ஸ்86இல் தொடக்கத்திலேயே உறைந்துவிடும் ஒன்று அங்கு மாறக்கூடியதாகவே வகுக்கப்பட்டுள்ளது.

இடவமைப்பு என்பது வெறும் தகவல் அன்று, விருந்தினரின் நடத்தையை ஆள்வது என்பதற்கு 2.8 பதிப்பின் ஒரு மாற்றம் நல்ல சான்று. அதுவரை செயலிகள் மூன்றாம் நிலைப் பதுக்ககத்தைப் பகிர்வதாக விருந்தினருக்குக் காட்டப்படவில்லை. லினக்ஸ் கரு ஒரு பணியை வேறொரு செயலியில் எழுப்பும்போது, இரண்டும் பதுக்ககத்தைப் பகிர்ந்தால் மற்றதன் பணிவரிசையை நேரடியாகத் தொடும். இல்லையெனில் அதற்கு ஒரு குறுக்கீட்டை அனுப்பும். மெய்நிகர் பொறியில் அத்தகைய குறுக்கீடு செலவு மிக்கது. பகிர்ந்த பதுக்ககம் இருப்பதாகக் காட்டியவுடன் அக்குறுக்கீடுகள் குறைந்தன. மெய்நிகர் செயலிகள் குறிப்பிட்ட உண்மைச் செயலிகளோடு பிணைக்கப்படாத நிலையில் அக்கூற்று உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் இங்கு மறந்துவிட இயலாது. காட்டப்படும் இடவமைப்பு உண்மையோடு பொருந்துமாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எமுலேட்டரிடம் அன்று, அதை இயக்குபவரிடமே விடப்பட்டுள்ளது.

வணிக மெய்நிகராக்க மென்பொருள்களும் இதே முரணைச் சந்தித்தன. விஎம்வேர் நிறுவனத்தின் விஸ்பியர் 4.0 (2009) செயலிச் செருகலையும், 5.0 (2011) நினைவக அண்மையை விருந்தினருக்குக் காட்டும் வசதியையும் அளித்தன. ஆனால் செருகலை இயலச்செய்த பொறிக்கு இரண்டாம் வசதி நிறுத்தப்பட்டது. வடிவத்தைத் துல்லியமாகக் காட்டுவதும் வடிவத்தைத் திறந்து வைப்பதும் ஒன்றையொன்று தடுத்தன.

ஆர்ம்: செருகாத செருகல்

64 பிட் ஆர்ம் கட்டமைப்பில் செயலியை உண்மையாகவே செருகும் முறை வரையறுக்கப்படவில்லை. குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியின் ஒவ்வொரு செயலிக்குமுரிய பகுதிகள் தொடக்கத்திலேயே அறியப்பட்டிருக்க வேண்டும். கேவிஎம்மும் மெய்நிகர்க் கட்டுப்படுத்தி அமைந்த பின்னர்ப் புதிய செயலியை ஏற்பதில்லை. எக்ஸ்86இல் நடந்தவாறு இங்கு நடத்த வழியில்லை. ஏசிபிஐ 6.5 பதிப்பு, செயலியைப் பற்றிய பதிவில் 'பின்னர் இயக்கத்தக்கது' என்னும் ஒரு பிட்டைச் சேர்த்தது. இதனைக் கொண்டு 2024இல் வெளியான லினக்ஸ் 6.11, ஆர்ம் விருந்தினருக்கான மெய்நிகர்ச் செருகலை ஏற்றது. இம்முறையில் எல்லாச் செயலிகளும் தொடக்கம் முதலே உள்ளன; அவற்றின் கட்டுப்படுத்திப் பகுதிகளும் அமைந்துள்ளன; இடவமைப்பும் முழுமையாக அறிவிக்கப்பட்டுள்ளது. சில செயலிகளுக்கு இயங்க இசைவு மட்டும் இல்லை. இசைவற்ற செயலியை விருந்தினர் இயக்க முயன்றால் நிலைபொருள் மறுத்துவிடும். நிருவாகி செயலியைச் 'செருகும்போது' அம்மறுப்பு நீங்குகிறது, 'அகற்றும்போது' மீள்கிறது. லினக்ஸ் ஆவணமும் தொடக்கத்தில் இல்லாத செயலியையும், இருந்தும் இயலச்செய்யப்படாத செயலியையும் தனித்தனியே பிரித்து, பின்னதை மட்டுமே ஆதரிப்பதாகக் கூறுகிறது.